முத்திரை ஓலை முதல் மறையாக்க மின்னஞ்சல் வரை: தோட்டத்துக் கடிதங்கள் கற்பிக்கும் பாடம்



இக்கட்டுரையை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்பு, தென்கெடாவில் நான் பணியாற்றிய பள்ளியில், வறிய மாணவர் உதவிக்கான பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பிள்ளையின் பெயர், அடையாள எண், பெற்றோரின் வருமானம், குடும்ப நிலை ஆகிய யாவும் அக்கோப்பில் இருந்தன. உரிய அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப எண்ணி, முகவரியின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினேன். கணினியே மீதத்தை நிரப்பிக் கொடுத்தது. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். கோப்பு சென்று சேர்ந்ததோ பெற்றோர் பலரின் முகவரிகள் அடங்கிய ஒரு குழுவுக்கு.

மறுநாள் காலை ஒரு தாய் வந்தார். சத்தம் போடவில்லை. "சார், என் வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு உங்ககிட்டதானே சொன்னேன்? ஊருக்கா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய கணவர் அப்பொழுது சிறையில் இருந்தார். 'குடும்ப நிலை' என்ற கட்டத்தில் அதை எழுதியவன் நான்தான்.

அந்தக் கேள்வி என்னை ஒரு தேடலுக்குள் தள்ளியது. ஒருவர் நம்பிச் சொன்ன செய்தியை, வேறெவரும் அறியாமல், உரியவரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி? நம் முன்னோர் இதை எவ்வாறு செய்தனர்? இன்று நாம் எவ்வாறு செய்யலாம்?

கடாரமும் ஓலையும்

நாம் வாழும் கெடா, பழந்தமிழர் 'கடாரம்' என்று அழைத்த மண். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தியைச் செப்பேடு கூறுகிறது. சோழர் ஆட்சியில் அரசனின் வாய்மொழி ஆணையை எழுதிக்கொள்வதற்கென்றே 'திருமந்திர ஓலை' என்ற அலுவலர் இருந்தார். செய்தியை எழுதுவது நம்பிக்கைக்குரிய ஒருவரின் பணி என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளிலும் 'ஒற்றாடல்' 59-ஆம் அதிகாரமாகவும் 'தூது' 69-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன.

மூடி அனுப்பிய கடிதத்திற்குச் சிலப்பதிகாரத்தில் அருமையான சான்று உண்டு. புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் மடலைக் கோசிகன் கோவலனிடம் கொண்டு வருகிறான். அஃது ஓலையைச் சுருட்டி, மண் இலச்சினை இட்ட மடல். இலச்சினையில் படிந்திருந்த கூந்தல் நெய்யின் மணத்தைக் கொண்டே, அதை அனுப்பியவள் மாதவிதான் என்று கோவலன் உணர்கிறான். இடையில் எவரும் பிரிக்கவில்லை என்பதற்கு உடையாத இலச்சினை சான்று. அனுப்பியவர் யார் என்பதற்கு மணம் சான்று. இன்று 'மின்னொப்பம்' என நாம் கூறுவது, அனுப்பியவர் யார் என்பதையும் இடையில் எவரும் செய்தியை மாற்றவில்லை என்பதையும் காட்டுகிறது.

அக்காதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. மடலைப் படித்த கோவலன், இதன் சொற்கள் தன் பெற்றோருக்கும் பொருந்துகின்றன எனக் கருதி, அதே மடலை அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்து விடுகிறான். மாதவி அவனுக்காக எழுதியது வேறு கைக்குப் போகிறது. பெற்றவர் பிரித்த பிறகு, எந்த முத்திரையாலும் கடிதத்தைக் காக்க முடியாது. இன்றைய தொழில்நுட்பத்திற்கும் இந்த எல்லை அப்படியே பொருந்தும்.

குழூஉக்குறியின் வலிமையும் குறையும்

செய்தியை மூடுவது ஒரு வழி. பிறருக்கு விளங்காதபடி மாற்றுவது மற்றொரு வழி. நன்னூல் கற்பித்த ஆசிரியர்களுக்குக் 'குழூஉக்குறி' நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வைத்துக்கொண்ட சொற்கள் இவை.

ஆனால், 'பறி' என்றால் பொன் என்பதை வெளியார் ஒருவர் அறிந்துவிட்டால் அந்தக் குறி அன்றோடு பயனற்றுப் போகும். எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதும் முறைகளும் அப்படியே. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். அவற்றை எண்ணிப் பார்த்தே மறைபொருளைக் கண்டுபிடிக்கலாம் என்பதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாது அறிஞர் அல்-கிந்தி எழுதி வைத்தார். முறை பகைவனுக்குத் தெரிந்திருந்தாலும் திறவுகோல் மட்டும் மறைவாக இருந்தால் செய்தி காக்கப்பட வேண்டும் என்ற கோட்பாட்டை 1883-இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் வகுத்தார். இன்றைய மறையாக்கம் முழுவதும் இந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது.

லயத்திலிருந்து சென்ற கடிதங்கள்

1909-இல் ஆங்கிலேய-சயாமிய உடன்படிக்கையின்படி கெடா ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தது. 1912-இல் நெற்கதிர்க் கட்டு, உழவு, ஆலோசனை மண்டபம் ஆகிய படங்களைக் கொண்ட தனி அஞ்சல்தலைகள் கெடாவுக்கென வெளிவந்தன. அக்காலத்தில்தான் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கில் இறங்கிய நம் மக்கள் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். கடலுக்கு அப்பால் விட்டுவந்த உறவுகளோடு அவர்களை இணைத்தது கடிதம் ஒன்றே.

அந்தக் கடிதத்திற்குத் தனிமை இருந்ததா? என் பாட்டி பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கூறியதை இங்கே தருகிறேன். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியின் மேசையில் கிடக்கும். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது, உரியவருக்குத் தெரியும் முன்பே அலுவலகத்திற்குத் தெரிந்துவிடும். கங்காணியின் கையில் கிடைத்தால் லயம் முழுவதும் பரவிவிடும்.

எனவே பாட்டி கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டப் பள்ளி வாத்தியாரிடம் போவாராம். வாத்தியார் படித்துச் சொல்வார். பதிலும் எழுதித் தருவார். கடன், நோய், மகளின் வாழ்க்கை, கணவனின் குடி என எல்லாம் அவர் காதில் விழும். "வாத்தியார்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு மாதிரி, மேல வராது" என்பார் பாட்டி. அந்த வாத்தியாருக்கு மறையாக்கம் தெரியாது. அவருடைய வாயே பூட்டு.

பள்ளி ஆசிரியர் ஒருவர் ஊரின் இரகசியக் காப்பாளராக விளங்கிய அந்த மரபின் வாரிசுகள் நாம். கோப்பைத் தவறாக அனுப்பிய அன்று நான் உடைத்தது அந்த மரபைத்தான்.

போர்க்காலத்தில் பிரிக்கப்பட்ட உறைகள்

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் மலாயாவில் அஞ்சல் தணிக்கை வந்தது. உறைகள் பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு, தணிக்கை முத்திரையுடன் மீண்டும் ஒட்டப்பட்டன. 1941 டிசம்பரில் சப்பானியப் படை கெடாவின் ஜித்ரா அரணை முறியடித்தது. 1943 அக்டோபரில் கெடாவைச் சப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். ஒரே தலைமுறைக்குள் மூன்று ஆட்சிகள் மாறின. உறையை ஒட்டுவதால் மட்டும் செய்தி மறைந்துவிடாது. உறையைக் கையில் வைத்திருப்பவர் விரும்பினால் பிரிக்கலாம் என்பதை அத்தலைமுறை கண்கூடாகக் கண்டது.

மின்னஞ்சல் ஓர் அஞ்சலட்டை

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழி மடல் அனுப்பினார். 1982-இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையில் மறையாக்கம் இடம்பெறவில்லை. வழியில் உள்ள எந்தக் கணினியும் படிக்கக்கூடிய அஞ்சலட்டையாகவே மின்னஞ்சல் பிறந்தது. மலேசியாவில் 1990-களில் ஜாரிங், 1996 முதல் டிஎம்நெட் ஆகியவற்றின் வழி இணையம் பரவியபோது நமக்குக் கிடைத்ததும் இந்த அஞ்சலட்டைதான்.

அந்நாளில் தமிழில் மடல் எழுதியோருக்கு ஒரு வேடிக்கையான அனுபவம் உண்டு. ஒரு குறியேற்றத்தில் எழுதியதை வேறு எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற கிறுக்கல்களே தெரியும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அச்சிக்கலைக் களைய உதவின. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. பின்னர் ஒருங்குறி வந்து குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது. "எழுத்துரு இல்லாதவன் படிக்க முடியாது, ஆகவே இது பாதுகாப்பு" என்று அன்று சிலர் எண்ணினர். அது தவறு. குறியேற்றம் வேறு, மறையாக்கம் வேறு. எழுத்துருவை எவரும் பதிவிறக்கலாம். திறவுகோலை அப்படிப் பெற முடியாது.

இன்று பெரும்பாலான மின்னஞ்சல் நிறுவனங்கள் தமக்கிடையே செல்லும் மடல்களை வழியில் மறையாக்கியே அனுப்புகின்றன. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு இவ்வழக்கம் விரைந்து பரவியது. ஆயினும் இது பூட்டிய அஞ்சல் மூட்டை போன்றது. வழியில் எவரும் பார்க்க முடியாது. மூட்டை அஞ்சல் நிலையத்தில் அவிழ்ந்ததும் உள்ளிருக்கும் அட்டைகள் திறந்தே கிடக்கும். முகவரி தவறினால், தவறிய இடத்திலும் திறந்தே கிடக்கும். கடிதத்தையே பூட்ட வேண்டுமாயின் வேறு வழி வேண்டும்.

திறவுகோலை அனுப்பாமலே பூட்டுவது எப்படி?

பெட்டியைப் பூட்டி அலோர் ஸ்டாருக்கு அனுப்புகிறோம் என்று கொள்வோம். அங்கே திறப்பதற்குச் சாவி வேண்டும். சாவியையும் அதே வண்டியில் அனுப்பினால் பூட்டியதன் பயன் என்ன? பல நூற்றாண்டுகளாக மறையாக்கத்தைத் துன்புறுத்திய சிக்கல் இது.

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் இதற்கு விடை கண்டனர். அலோர் ஸ்டாரில் இருப்பவர் திறந்த நிலையில் ஒரு பூட்டை நமக்கு அனுப்பி வைக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாம் அதைப் பெட்டியில் மாட்டி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மீண்டும் திறக்க நம்மாலும் முடியாது. சாவி அவரிடம் மட்டுமே உள்ளது. சாவி பயணம் செய்யவே இல்லை. அந்தப் பூட்டுக்குப் 'பொதுத் திறவி' என்றும், சாவிக்குத் 'தனித் திறவி' என்றும் பெயர்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் இப்பூட்டைப் பகா எண்களைக் கொண்டு அமைத்தனர். நாம் வகுப்பில் கற்பிக்கும் அதே பகா எண்கள்தாம். 61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3233 என்பதை மாணவர் உடனே கூறுவர். 3233 எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கேட்டால் நெடுநேரம் திணறுவர். எண்கள் பெரிதாகப் பெரிதாகக் கணினியும் அப்படியே திணறும். 250 இலக்கங்கள் கொண்ட இத்தகைய ஓர் எண் 2020-இல்தான் உடைக்கப்பட்டது. இன்று பரவலாக வழங்கும் அளவு 617 இலக்கங்கள். பிரிட்டனின் உளவுத்துறையைச் சேர்ந்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே இம்முறையைக் கண்டிருந்தார் என்பது 1997-இல்தான் வெளியே தெரிந்தது.

இக்கருவியைப் பொதுமக்களின் மின்னஞ்சலுக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன். 1991-இல் அவர் வெளியிட்ட பிஜிபி மென்பொருள் கடல் கடந்து பரவியதால், படைக்கலன் ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அவர்மீது மூன்றாண்டுகள் விசாரணை நடந்தது. 1996-இல் அது கைவிடப்பட்டது. 1999-இல் வெர்னர் கோக் என்னும் செருமானியர் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய குனு பிஜி மென்பொருளின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். எவரும் இன்றும் அதனைப் பயன்படுத்தலாம்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் ஏற்ற வழி

பொதுத் திறவி முறை பழகச் சற்றுக் கடினமானது. இருபுறமும் மென்பொருள் வேண்டும். நம் அன்றாடப் பணிக்கு எளிய வழியொன்று உண்டு. கோப்பையே மறையாக்கிப் பின்னர் இணைப்பாக அனுப்புவதே அது. நான் இன்று பின்பற்றும் நடைமுறை இதுதான்.

1. கோப்பை 7-சிப் போன்ற கட்டணமற்ற மென்பொருளால், ஏஇஎஸ் முறையைத் தேர்ந்து, கடவுச்சொல்லிட்டுப் பூட்டுதல். 2001-இல் அமெரிக்கா தன் அரசுத் தரமாக ஏற்ற முறை இது. பழைய சிப் பூட்டை உடைக்கும் வழி 1994-லேயே கண்டறியப்பட்டுவிட்டது. 2007-க்கு முந்திய சொற்செயலிக் கோப்புகளின் பூட்டும் வலுவற்றது.

2. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல், தொலைபேசியில் அழைத்துச் சொல்லுதல். சாவியும் பெட்டியும் ஒரே வண்டியில் போகக்கூடாது.

3. மடலின் தலைப்பிலும் கோப்பின் பெயரிலும் மாணவரின் பெயரையோ உதவியின் தன்மையையோ குறிப்பிடாதிருத்தல். உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும் தலைப்பு பெரும்பாலும் உறையின் மேல் எழுதியதுபோல் வெளியே தெரியும்.

4. அனுப்பும் முன் பெறுநர் முகவரியை முழுமையாக, எழுத்தெழுத்தாகப் படித்தல்.

கடவுச்சொல்லைப் பற்றித் தனியே ஒரு சொல். "பிள்ளையின் அடையாள எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிடலாம், மறக்காது" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். 12 இலக்கங்கள் என்பதால் அது வலிமையானதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் 6 இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம். கெடாவுக்கு 02 வழங்கும். எஞ்சுவன 4 இலக்கங்களே. அதாவது 10,000 வாய்ப்புகள். இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அதுவும் 5,000 ஆகக் குறைகிறது. பிள்ளையை அறிந்த ஒருவருக்குக் கணினியின் துணையோடு இது சில விநாடி வேலை. மாறாக, தொடர்பற்ற ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், உடைப்பதும் அரிது. ஆனால் மறந்துவிட்டால் மீட்க வழியில்லை என்பதையும் மறக்கலாகாது.

புலனக்குழுக்களில் பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்சாப் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் 60 பேர் உள்ள குழுவில் ஒரு பட்டியலைப் போட்டால், பூட்டைத் திறக்கும் 60 கைகளுக்கும் நாமே கொடுத்தவர்கள் ஆகிறோம். கோவலன் செய்தது போல, அவர்களுள் எவரும் அதை வேறு கைக்கு மாற்றலாம்.

சட்டமும் மனச்சாட்சியும்

2017-இல் நம் நாட்டின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள் குறித்த தரவுகள் கசிந்த செய்தி வெளியானது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு கூறுகிறது. மறையாக்கம் குற்றவாளிக்குக் கேடயமாகிவிடாதா என்று கேட்போரும் உளர். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி முறையான சோதனை நடத்தும் காவல் அதிகாரிக்குக் கடவுச்சொல்லைத் தந்தாக வேண்டும். ஆக, சட்டத்தின் கைக்கு அது எட்டாத பொருளன்று; வழிப்போக்கரின் கைக்கு எட்டாத பொருள்.

நமக்கோ சட்டம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை. அன்று நான் கோப்பைப் பூட்டி அனுப்பியிருந்தால், தவறான முகவரிக்குச் சென்றிருந்தாலும், பெற்றவர்களின் கையில் திறவா ஒரு பெட்டியே இருந்திருக்கும். என் கவனக்குறைவு என் தவறாகவே முடிந்திருக்கும். ஒரு குடும்பத்தின் தலைகுனிவாக மாறியிருக்காது.

அந்தத் தாயிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். ஆனால் அடுத்த ஆண்டு உதவிக்கான படிவத்தை அவர் நிரப்பவில்லை. பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போயிற்று. நான் மறையாக்கம் கற்றது அதன் பிறகுதான்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! உங்கள் கணினியில் இன்று திறந்து கிடக்கும் மாணவர் கோப்பு ஒன்றையேனும் எடுத்துப் பூட்டிப் பாருங்கள். பெற்றோர்கள், "என் பிள்ளையின் விவரங்களை எப்படி அனுப்புகிறீர்கள்?" என்று பள்ளியில் பணிவோடு கேளுங்கள். லயத்தில் நம் பாட்டிமார் வாத்தியார்மீது வைத்த நம்பிக்கையைக் காப்பது நம் கடமை.